சும்மா நிற்கிற தகரம்

அவர் படலையைத் திறந்துகொண்டு வருகிறார் என்றால், எங்கள் ஊரில் பெண்கள் முதலில் செய்கிற வேலை வாளியைத் தூக்கி உள்ளே வைப்பதுதான். களவெடுக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்காமல் ஒரு குண்டூசியைக்கூடத் தொடமாட்டார். ஆனால் கேட்பார். அதுதான் எங்களுக்குப் பிரச்சினை. கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கண் வீட்டு வளவைச் சுற்றி வரும். கிணற்றடியில் சரிந்து கிடக்கும் பரல் பீப்பாய், கோழிக்கூட்டை மூடியிருக்கும் தகடு, மாட்டுக்குத் தவிடு கரைக்கிற தொட்டி, எதிலாவது போய் நிற்கும். பிறகு ஆளும் எழும்பிப் போவார். நடுவிரலை மடக்கி முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார்.

"உது சும்மா தானே நிக்குது?" என்பார்.

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல எங்கள் புத்தூரில் யாருக்கும் வாய் வரவில்லை. ஏனென்றால் அவர் சிரித்துக்கொண்டு கேட்பார், அந்தப் பொருளும் பெரும்பாலும் சும்மாதான் நின்றிருக்கும்.

அவர் கார்களுக்கு ரிங்கர் வேலை செய்கிறவர். கறள் பிடித்துத் துருவாய் உக்கிப்போன இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, அதே வடிவத்தில் வேறு தகடு அடித்துப் பொருத்துவதுதான் அந்த வேலை. அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சின்னவர்கள் 'ரிங்கர் அண்ணை' என்போம், பெரியவர்கள் 'உந்த ரிங்கர்' என்பார்கள். தன் வேலையைப் பற்றி அடக்கமாகக் கதைக்கிற பழக்கம் அவருக்கு அறவே இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வந்தால்கூட, தேரைப் பற்றிக் கதைக்கமாட்டார். வீதியோரத்தில் நின்ற காரில் எவனோ கதவு போட்டிருந்த அழகைப் பற்றி ஒரு கிழமைக்குத் திட்டிக்கொண்டிருப்பார்.

சண்டை நடந்து பெற்றோல் வராத வருடங்கள் அவை. தகரமும் வராது. இரும்பு என்று பெயர் வைத்த எதுவும் கொழும்புப் பக்கமிருந்து வர விடமாட்டார்கள். தகட்டை உருக்கி ஒட்டுவதற்கு வேண்டிய கார்பைட்டைக் கண்ணால் காணவும் கிடையாது. அப்படிப்பட்ட காலத்தில் முப்பது, நாற்பது வயதான கார்களுக்கு உடம்பு மாற்றுகிற ஒரு மனிதர் என்ன செய்வார்? கேட்பார். ஊரெல்லாம் கேட்பார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த காரணம் என் அம்மாவின் வாய்.

என் தங்கைக்கு மருதனார்மடத்தில் இருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். தங்கை படிப்பித்த பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்தவர். தகப்பனுக்குச் சந்தைக்குப் பக்கத்தில் வெங்காயமும் புகையிலையும் வாங்கி விற்கிற கடை. தரகர் எங்கள் விறாந்தையில் இருந்து, 'பெடிச்சிக்கு என்ன குடுக்கிறியள்?' என்று தொடங்கினார். சீதனம் பேசுகிற நேரத்தில் யாருக்கும் நாக்கு ஒரு முழம் நீளும், அம்மாவுக்கு இரண்டு முழம் நீண்டது. வீடு, வளவு, தோட்டக்காணியில் ஒரு பங்கு என்று சொல்லிக்கொண்டு போனவ, கடைசியில் "அதோடை இவையின்ரை அப்பாவின்ரை காரும். நல்ல ஓட்டத்திலை நிக்குது" என்று முடித்தா.

நான் புருஷனோடு பக்கத்து வளவில் இருந்தவள். அந்த நேரம் தேத்தண்ணி கொண்டுவந்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன். கார் இருந்தது உண்மைதான். அப்பா ஆசைப்பட்டு வாங்கிய ஏ-போட்டி என்கிற பழைய இங்கிலிசுக் கார். அப்பா செத்த பிறகு கொட்டிலில் விட்டபடி விட்டது. அது நல்ல ஓட்டத்தில் நிற்கவில்லை, கோழி அடைகாக்கிற நிலையில் நின்றது. பின் சீற்றில் இருந்து அந்த வருடம் மட்டும் இரண்டு அடை பொரித்து இறங்கியிருந்தன.

தரகர் போய்ச் சொல்ல, மாப்பிள்ளையின் தகப்பனுக்கு அந்தக் கார்ப் பேச்சுத்தான் பிடித்துப்போனதாம். 'மற்றதெல்லாம் குடுக்கிறதைக் குடுக்கட்டும், கார் நல்லதெண்டால் எனக்குச் சம்மதம். ஒருக்கா வந்து பாக்கிறன்' என்று சொல்லி அனுப்பினார். தங்கைக்கு அதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து குழம்பியிருந்தது. இந்த மனிதரை அவளுக்குப் பிடித்திருந்தது. என்னிடம் தனியாக வந்து, "அக்கா, உந்தக் காராலை இந்த இடமும் போச்சுதெண்டால் எனக்கு இனி ஒருத்தரையும் பேசவேண்டாம்" என்றாள். அவள் அப்படி அழுத்திச் சொல்கிறவள் அல்ல.

அம்மா ரிங்கருக்கு ஆள் அனுப்பினா.

வந்த முதல் நாள் அவர் காரைப் பார்க்கவில்லை. முதலில் வளவைத்தான் பார்த்தார். பிறகு கொட்டிலுக்குள் போய், இடுப்பில் செருகியிருந்த ஸ்குறூ டிறைவரை எடுத்துக் கதவின் அடிப்பக்கத்தில் ஒரு குத்துக் குத்தினார். பிடிவரைக்கும் உள்ளே போனது. அம்மா கண்ணை மூடிக்கொண்டா. அவர் அங்கே இங்கே என்று குத்திக்கொண்டே போனார். கால் வைக்கிற நிலம், கதவுகளின் அடி, பின்னுக்கு டிக்கியின் தளம், முன் மட்காட் இரண்டும், எல்லாம் கறள். தட்டத் தட்ட மண்ணிறத்தில் தூள் கொட்டியது. அவருக்கோ முகமெல்லாம் சந்தோசம்.

"அக்கா, கார் நல்ல கார். உள்ளுக்கு எலும்பு நல்லாயிருக்கு. வெளியிலைதான் ஒண்டும் இல்லை."

"தம்பி, உதுக்கு மேலை பட்டி தடவிப் பெயின்ற் அடிச்சு விடேலாதோ? அவர் சும்மா பாத்திட்டுப் போகத்தானே வாறார்" என்றா அம்மா.

"பட்டி தடவுறதெண்டால் வீட்டுச் சுவருக்குத் தடவுங்கோ. மாப்பிளை ஒரு மாரிக்கு வெளிக்கிட்டால் பட்டி றோட்டிலை கிடக்கும், கார் அங்காலை போகும். பேந்து என்ரை பேரெல்லோ கெடும்?"

யாருக்கும் தெரியாத அந்தப் பெயரில் அவருக்கு அவ்வளவு கவனம்.

வேலை செய்கிறபோது அவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சீமெந்துப் பையின் கடதாசியைக் கிழித்து, உக்காத பக்கத்தில் வைத்து அழுத்தி வடிவம் எடுப்பார். அதைத் திருப்பிப் போட்டால் மற்றப் பக்கத்தின் அளவு. தகட்டை வெட்டி, மண் நிரப்பிய சாக்கின் மேல் வைத்து மரச்சுத்தியலால் அடிப்பார். ஒட்ட வழியில்லாததால், வாளி செய்கிறவர்கள் மாதிரி இரண்டு விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி மடித்து, அடித்துத் தட்டையாக்குவார். மடிக்க முடியாத இடத்தில் ஆணி அறைந்து இருபுறமும் தலையைத் தட்டிச் சப்பையாக்கிவிடுவார். காலையில் தொடங்கினால் அந்தச் சத்தம் மத்தியானம் வரைக்கும் ஓயாது. ஒரு நாள் மேலே பொம்மர் விமானம் சுற்ற, நாங்கள் எல்லோரும் பங்கர்க் குழிக்குள் ஓடிவிட்டோம். இவர் மட்டும் டங் டங் என்று அடித்துக்கொண்டிருந்தார். பொம்மர் போய் முடிந்த பிறகுதான் கொட்டிலை விட்டு வெளியே வந்து, "என்ன, ஒருத்தரையும் காணேல்லை?" என்று கேட்டார். அம்மா அன்றைக்கு அவரை ஏசிய ஏச்சைப் அயலில் இருந்தவர்கள் பல நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டியோடு தேத்தண்ணி வேண்டும் அவருக்கு. நேரம் தவறினால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்படியிருக்க, தகரம் ஒன்று ஒன்றாக வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் எழுத்து அழிந்து கழற்றி வைத்திருந்த பெயர்ப்பலகைத் தகரத்தைத் தலைமை வாத்தியாரிடம் கேட்டு வாங்கி டிக்கிக்குத் தளம் போட்டார். என்னுடைய வீட்டில் மழைத்தண்ணி பிடிக்கிற பரல் ஒன்று நின்றது. ஒரு நாள் நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் என் புருஷனிடம் கேட்டுவிட்டார். அந்த மனுசன் 'ஓம்' என்றுவிட்டது. வலப்பக்க மட்காட் அதில் வந்தது. நான் ஒரு நாள் முழுக்க இரண்டு பேரோடும் கதைக்கவில்லை.

கோயில் ஐயரிடமும் கேட்டார். எலி அரிக்காமல் மடப்பள்ளிக் கதவில் அடித்திருந்த தகடு, கதவு மாற்றினபோது கழற்றி வைத்தபடி சும்மா நின்றதாம். தூக்கிக்கொண்டு வந்து, "நல்ல கனம் அக்கா, டிறைவரின்ரை காலுக்குக் கீழை போடுவம்" என்றார்.

"கோயில் தகரத்தைக் காலாலை மிதிக்கிறதோ!" என்று அம்மா துள்ளிக் குதித்தா. "என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு முதலே பாவத்தைக் கட்டி விடப்போறியோ?"

அவர் சிறிது நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு அடித்து வைத்திருந்த வடிவத்தை விரித்து, திரும்ப அடித்து, பின் கதவுக்குப் போட்டார். கோபிக்கவில்லை. "அக்கா சொல்லுறதும் சரிதான். கதவைக் கையாலைதானே துறக்கிறது" என்றார். கேட்டதைக் கொடுக்காவிட்டாலும் கோபிக்காத மனிதர் அவர். எனக்கு அவரில் பிடித்ததே அதுதான். கேட்பதில் அவருக்கு வெட்கம் இல்லை. கிடைக்காததில் அவமானமும் இல்லை. எங்கள் சனத்தில் இந்த இரண்டும் ஒன்றாக இருக்கிற ஆளை நான் வேறு காணவில்லை.

மிச்சம் இருந்தது இடப்பக்க முன் மட்காட் மட்டுந்தான். அங்கேதான் வில்லங்கம் வந்தது.

எங்கள் ஒழுங்கைச் சந்துக் கடைசியில் ஒரு கிழவர் காலமானார். எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சாப்பாட்டுக்கு ரிங்கரும் போனார். போனவர் கையைக் கழுவிக்கொண்டு சும்மா வந்திருக்கலாம். குளியலறைக் கதவுத் தகரம் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கிழவரின் மனிசி அழுதுகொண்டே 'கொண்டுபோ தம்பி' என்றாவாம். அம்மா படலையை இழுத்துச் சாத்திவிட்டு அதற்குக் குறுக்கே நின்றா.

"கலியாணக் காருக்குச் செத்த வீட்டுத் தகரமோ? வெளியாலை வை!"

"தகரத்துக்கு என்ன துடக்கு தீட்டு அக்கா? தண்ணியிலை கழுவினால் போச்சு."

"உனக்குப் போகும். எனக்குப் போகாது. முப்பத்தொண்டு நாள் முடியட்டும், அந்தியேட்டி கழியட்டும். அதுக்குப் பிறகு உள்ளை கொண்டுவா."

இந்த முறை அம்மாவை அசைக்க முடியவில்லை. தகரம் வேலிக்கு வெளியே சாய்ந்து நின்றது. அவர் வேலைக்கு வரும்போதும் போகும்போதும் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். மாப்பிள்ளையின் தகப்பன் எப்படியும் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் வருவார் என்று தரகர் சொல்லியிருந்தபடியால் அம்மா நிம்மதியாக இருந்தா.

அவர் அதற்கு முன்னமே வந்துவிட்டார்.

ஒரு காலை வேளை. சைக்கிளில் ஒரு பருத்த மனிதர் ஒழுங்கைக்குள் திரும்புவதைத் தங்கைதான் முதலில் கண்டாள். "அம்மா, அவையின்ரை அப்பா!" என்று ஓடி வந்தாள். கார் கொட்டிலுக்கு வெளியே, முற்றத்தில், மட்காட் இல்லாத இடப்பக்கச் சில்லு அம்மணமாகத் தெரிய நின்றது. ரிங்கர் அதற்குக் கீழே மல்லாந்து கிடந்தார்.

"பிள்ளை, படங்கை எடுத்துக் காருக்கு மேலை போடு. கெதியா!" என்றா அம்மா.

"கீழை ஆள் கிடக்கிறார் அம்மா."

"ஆளோடை போடு!"

தார்ப்பாய்ப் படங்கை ஆளோடு சேர்த்து இழுத்துப் போட்டேன். மாப்பிள்ளையின் தகப்பன் வந்து விறாந்தையில் இருந்தார். சிரிக்காத முகம். அம்மாவை 'வீட்டுக்காரம்மா' என்று மரியாதையாக, தூரத்தில் வைத்துக் கூப்பிட்டார். தேத்தண்ணியை வாயில் வைக்கும்போது படங்குக்குள் இருந்து டங் என்று ஒரு சத்தம். பிறகு டங், டங்.

"உதென்ன சத்தம்?"

"பக்கத்து வளவிலை ஆரோ..." என்றா அம்மா. அந்தப் பக்கத்து வளவு என்னுடையது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

படங்கு அசைந்தது. முதலில் கால் வந்தது, பிறகு ஆள் வந்தார். தாடியில் கறள் தூள். "அக்கா, தேத்தண்ணி நேரம் போச்சுதல்லோ?" என்றபடி விறாந்தையைப் பார்த்தார். வந்தவரைக் கண்டுவிட்டார்.

"ஐயாதான் மாப்பிளையின்ரை தகப்பனோ? நல்லதாப் போச்சு. வாங்கோ, வாங்கோ."

அம்மா கண்ணால் சாடை காட்டினா. கையால் காட்டினா. அதெல்லாம் புரிகிற ஆள் அவர் இல்லை. படங்கை உருவி எறிந்துவிட்டு அந்த மனிதரைக் காரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.

"இது பள்ளிக்கூடத்துத் தகரம், உள்ளை குனிஞ்சு பாருங்கோ, எழுத்தும் கிடக்கு. இந்தக் கதவு கோயில் தகரம். இந்த மட்காட் உந்தப் பிள்ளையின்ரை வீட்டுப் பரல், அதுக்கு இன்னும் என்னோடை கோவம். நிலம் முழுக்க என்ரை வேலை. பழைய தகடு ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லையோ?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.

"ஒண்டும் இல்லை ஐயா. எல்லாம் உக்கிப்போச்சு. கோழியெல்லோ அடைகாத்தது! அக்காட்டைக் கேளுங்கோ."

நல்ல ஓட்டத்தில் நிற்கிற கார் என்று சொன்ன வாயை அம்மா சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றா. அறை யன்னலுக்குப் பின்னால் தங்கையின் நிழல் அசையாமல் நின்றது. எனக்கு அந்த மனிதரின் கழுத்தைப் பிடித்து மறுபடியும் காருக்குக் கீழே தள்ளவேண்டும் போல் இருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பன் முன்பக்கம் வந்து, மூடியில்லாத சில்லைப் பார்த்தார்.

"இதுக்கு?"

"இதுக்குத் தகரம் வந்திட்டுது. உங்கை வேலிக்கு வெளியாலை நிக்குது. செத்த வீட்டுத் தகரமெண்டு அக்கா உள்ளை விடுறா இல்லை."

"அவ சொல்லுறது சரிதானே தம்பி. கலியாணக் காருக்கு அது சரிவராது."

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார் ரிங்கர். "ஐயா, உங்கடை கடைக்குப் பின்னாலை வேப்பமரத்தடியிலை ஒரு பரல் நிக்குதெல்லே. நான் போன சனிக்கிழமை சந்தைக்கு வந்தபோது தட்டிப் பாத்தனான். உது சும்மா தானே நிக்குது?"

பெண் வீட்டார் கொடுக்கிற சீதனத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரிடமே பொருள் கேட்ட கதையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முடிந்தது, இந்த இடமும் போனது என்று நினைத்தேன். தங்கைக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட மனதுக்குள் தொடங்கிவிட்டேன்.

அந்தப் பருத்த மனிதர் வலப்பக்க மட்காட்டின் மேல் கையை வைத்தார். வளைவோடு கையை ஓட விட்டார். பிறகு குனிந்து அடிப்பக்க மடிப்பை விரலால் தடவினார்.

"அந்தப் பரலிலை ஒரு மட்காட் வருமோ?"

"ரெண்டு வரும் ஐயா. எனக்கு ஒண்டு காணும். மிச்சத்திலை உங்களுக்கு ஒரு வாளி அடிச்சுத் தாறன்."

"வாளி வேண்டாம்."

அம்மா விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டா.

"பூவாளி அடிச்சுத் தா. மனிசி நாத்துமேடைக்குத் தண்ணி தெளிக்க ஒண்டு வேணுமெண்டு கனநாளாக் கரைச்சல் தாறா" என்றார். பிறகு விறாந்தைப் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, எனக்குத் தந்த தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேறை ஒண்டு போடுங்கோ. இவருக்கும் சேத்துப் போடுங்கோ."

சம்பந்தி என்றார். யன்னலுக்குப் பின்னால் தங்கை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அம்மா குசினிக்குள் போய், தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து நின்று அழுதா. பிறகு சிரித்தா. "உந்த ரிங்கரை ஒரு நாளைக்கு நான் கொல்லுவன்" என்று சொல்லிக்கொண்டே, இருந்த பனங்கட்டியில் பெரிய துண்டாகப் பார்த்து அவருக்கு எடுத்து வைத்தா.

அதே கிழமை பரல் வண்டிலில் வந்து இறங்கியது. மட்காட் அதில் அச்சொட்டாக வந்தது. செத்த வீட்டுத் தகரம் துடக்குக் கழிந்து வேறு யாருடைய காரிலோ ஏறியது. பச்சைப் பெயின்ற் ஒரே இடத்தில் கிடைக்காததால் கார் இரண்டு பச்சையாக நின்றது. வெயிலில் பார்த்தால்தான் தெரியும். கலியாணத்தன்று மாப்பிள்ளை அதில்தான் வந்து இறங்கினார். ஊரிலேயே திருத்தி எடுத்த எஞ்சின் மண்ணெண்ணெயில் புகைவிட்டு இருமிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் தகப்பன் தன் பக்கத்து ஆட்களைக் கூட்டிவந்து இடப்பக்க மட்காட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். "இது எங்கடை பரல்" என்று அவர் சொல்வது மேளச் சத்தத்துக்குள்ளும் கேட்டது.

தங்கையின் மாமியாருக்கு நாக்குக் கொஞ்சம் கூர். கலியாணத்துக்குப் பிறகு ஏதோ ஒரு கோபத்தில், 'நீ கொண்டுவந்த கார்' என்று சீதனக் கதையைத் தொடங்கினாவாம். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அதிலை பாதி நான் குடுத்தது" என்றாராம். ஒரு மட்காட் எப்படிப் பாதிக் கார் ஆனது என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. மாமி அந்தக் கதையை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கலியாணமாகிப் போன வீட்டில் சீதனக் குத்தல் கேட்காமல் வாழ்வது எவ்வளவு பெரிய சுகம் என்று பெண்களுக்குத் தெரியும். தங்கை அந்தச் சுகத்தோடுதான் இருந்தாள். அதைத் தந்தவர் ரிங்கர் அண்ணைதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

கலியாணப் பந்தலில் நான்தான் அவருக்குச் சாப்பாடு பரிமாறினேன். புது வேட்டி கட்டி, தலையை எண்ணெய் வைத்து இழுத்து, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இருந்தார். பாயாசம் இரண்டாம் முறை கேட்டார். ஊற்றும்போது, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்கு மாமாட்டைப் பரல் கேட்டது யோசிச்சுத்தான் கேட்டனீங்களோ?"

"என்னத்தை யோசிக்க?"

"கேட்டால் கலியாணம் குழம்பிப்போகும் எண்டு உங்களுக்குப் பயமாயிருக்கேல்லையோ?"

அவர் பாயாசத்தை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்டது அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"ஏன் பிள்ளை குழம்புது? எங்கடை ஊரிலை எல்லாரையும் கேட்டு முடிஞ்சுது. இனிச் சொந்தக்காரரைத்தானே கேக்க வேணும்?"